மேஜருக்குப் பத்தியம்

ஆம்பூரில் அப்துல் வஹாப் சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் தலைக் கணக்கராக இருந்துகொண்டு, ஒரு தோலையும் கையால் தொடாதவர் என்று காசிநாத முதலியாருக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை உண்டாக்கியவரும் அவரே, ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தவரும் அவரே. மனிதர் சுத்த சைவம். ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் அவருக்கு வெறும் உருப்படி. வண்டியிலிருந்து இறங்கினால் ஓர் எண், ரயிலேறினால் இன்னோர் எண். இரண்டுக்கும் நடுவே அவை எந்தக் குழியில் கிடந்து என்ன பாடுபடுகின்றன என்று அவர் எட்டிப் பார்த்ததில்லை. மூக்குக்குக் கற்பூரம் முடிந்த கைக்குட்டை, நெற்றிக்கு மூன்று பட்டை விபூதி, காலுக்கு மரப் பாதக்குறடு. அந்தக் குறடு டக்டக்கென்று வருவது தூரத்திலேயே கேட்கும் என்பதால், உட்கார்ந்திருக்கிற ஆட்களுக்கு எழுந்து வேலை செய்ய அவகாசம் கிடைத்தது. ஷாப்பில் அவருக்கு நல்ல மரியாதை.

இப்பேர்ப்பட்டவர் வீட்டுக்கு முப்பத்திரண்டாம் வருஷக் கோடையில் ஒரு நாய் வந்து சேர்ந்தது.

தெருநாய் இல்லை. சாயபுவின் சரக்கு முழுவதையும் வாங்குகிற மெட்ராஸ் கம்பெனியின் ஹட்டன் துரையுடைய நாய். பெயர் மேஜர். கன்றுக்குட்டி உயரம், செம்பட்டை மயிர், கையெழுத்துப் போடும் முன் யோசிக்கிற அதிகாரியின் முகம். துரை லீவில் சீமைக்குப் போகிறார். நாயையும் கப்பலேற்றினால் அந்த ஊர்க் கரையில் அதை மாசக்கணக்கில் தனியே பூட்டிவைப்பார்களாம். ஆகையால் தம்முடைய பிரியமான நண்பர் வஹாப் சாயபுவிடம் விட்டுப்போவதாகச் சொல்லிவிட்டார். பிரியமான நண்பர் என்று துரை அழைத்தது அன்றுதான் முதல் தடவை.

சாயபு முதலியாரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"முதலியாரே, நம்ம வூட்டுல வெக்க முடியாது. பேகம் அஞ்சு வேளை தொழுவுறவங்க. நாய் இருக்கிற வூட்டுக்குள்ள அல்லா அனுப்புற மலக்கு வராதுன்னு ஒரே பேச்சா சொல்லிட்டாங்க. உங்க வூடு ஷாப்பை ஒட்டித்தானே இருக்குது?"

"எங்க வீட்டுக்கும் சாமி வந்துபோற வழக்கம் உண்டுங்களே."

"உங்க சாமிங்கள்ல ஒருத்தரு நாயைக் கூட்டிக்கினே வர்றாரேய்யா!"

வைரவரை எதிர்த்து முதலியாரால் என்ன பேச முடியும்? சாயபு குரலைத் தாழ்த்தினார்.

"இதைக் கேட்டுக்குங்க. துரை திரும்பி வர்றப்போ நாய் இப்ப இருக்கிற மாதிரியே இருக்கணும். ஒரு மயிரு கம்மியானாலும் அவரு நம்ம சரக்கைத் தொட மாட்டாரு. அவரு தொடலேன்னா ஷாப்பு இல்ல. ஷாப்பு இல்லேன்னா கணக்கு எதுக்கு, கணக்கரு எதுக்கு?"

அன்றைக்கு ஆரம்பித்தது முதலியாரின் கவலை.

சாப்பாட்டு விஷயத்தில் துரை திட்டமாகச் சொல்லியிருந்தார். டின்னில் வருகிற நாய் பிஸ்கட்டைப் பாலில் ஊறவைத்து இரண்டு வேளை. பச்சைக் கறி மட்டும் கூடவே கூடாது. ரத்த ருசி கண்டால் நாய் காட்டு மிருகமாகி ஆளைக் கடிக்கும் என்பது துரையின் கட்சி. முதலியாருக்கு இது மிகவும் பிடித்திருந்தது. வெள்ளைக்காரர்களிலும் விஷயம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று சம்சாரம் அமிர்தவள்ளியிடம் சொன்னார்.

பிஸ்கட் ஆம்பூர் வெயிலில் சிக்குப் பிடித்துப் புழு வைத்தது. பிறகு அமிர்தவள்ளி பொறுப்பேற்றாள். தயிர்சாதம், பருப்புச் சாதம், வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கல். மேஜர் எல்லாவற்றையும் மரியாதைக்காகச் சாப்பிட்டது. பேர் அப்படி என்பதால் அமிர்தவள்ளி அதை 'அவரு' என்றுதான் சொல்லுவாள். "மேஜரு சாப்ட்டாரு, ஆனா முகமே சரியில்லீங்க."

முகம் மட்டுமா? கொஞ்ச நாளில் சொறிய ஆரம்பித்தது. காது ஓரம் சிவந்தது. முதுகில் மயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. முதலியார் காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன் நாய் படுத்த இடத்தைப் பார்த்தார். ஒரு மயிர் கம்மியானாலும் என்றல்லவா சாயபு சொன்னது! உதிர்ந்ததையெல்லாம் பெருக்கி எடுத்துக் காலி பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார். கேள்வி வந்தால் இருப்பைக் காட்டலாம் என்று எண்ணம். டின்னும் நிரம்பிவிட்டது.

அந்த நிலையில்தான் ரத்தினசாமி நாயுடுவைக் கூட்டிவந்தார்.

நாயுடு பென்ஷன் வாங்குகிற போஸ்ட்மாஸ்டர். ஜெர்மன் ஜலசிகிச்சையால் தம்முடைய இளைப்பு நோயைத் தாமே குணப்படுத்திக்கொண்டவர். அதிலிருந்து மற்றவர்களின் நோய்களைத் தேடித் திரிந்துகொண்டிருந்தார். நெருப்பில் காட்டிய எதையும் தொடமாட்டார். முளைகட்டிய பயறு, தேங்காய், பச்சைக் கீரை. அவர் அடுப்பு மூட்டுவதை நிறுத்தச் சொன்ன நாளிலிருந்து அவர் சம்சாரம் அவரோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாள். இதனால் வீட்டில் அமைதி கூடியதாக நாயுடு சொல்லுவார்.

மேஜரின் நாக்கை இழுத்துப் பார்த்தார். வயிற்றைத் தட்டினார். கண்ணை ஊடுருவிப் பார்த்தார். மேஜரும் அவரைப் பார்த்தது.

"நோய் தோல்ல இல்ல முதலியாரே. உடம்புங்கிறது ஒண்ணு. தோல் வேற, குடல் வேற, மனசு வேறன்னு பிரிச்சுப் பிரிச்சு மருந்து போடறது டாக்டருங்க பண்ற தப்பு. இது எங்க படுக்குது, எப்ப நடக்குது, இன்னா நெனைக்குது, எல்லாத்தையும் சேத்துத்தான் சரி பண்ணணும்."

"இன்னா நெனைக்குதுன்னு எப்படிங்க தெரியும்?"

"நெனைக்கிறது நல்லாவே தெரியுதே. சோறு வேணாம்னு நெனைக்குது. நெருப்புல வெந்தது எல்லாம் செத்த ஆகாரம். அதை நிறுத்துங்க."

சிகிச்சை ஆரம்பமாயிற்று. காலையில் இளவெயில். பிறகு பாலாற்று மணலில் நடை, புரளல். புற்றுமண் குழைத்து முதுகில் பற்று. சாயங்காலம் ஷாப்பிலிருந்து உருட்டிவந்த பழைய மரத் தொட்டியில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்த்தி வைப்பது. இவை எல்லாம் மேஜருக்குப் பிடித்தே இருந்தன. ஆற்று மணலைக் கண்டால் கால் நான்கும் தனித்தனியாக ஓடும். முளைப்பயறு மட்டும் தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. தேங்காய்க் கீற்றை முகர்ந்துவிட்டு முதலியாரை ஒரு பார்வை பார்த்தது. மறுநாளும் அதே பார்வை. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

"தின்னலியே நாயுடு!" என்று முதலியார் அவர் வீட்டுக்கே போய் நின்றார். "பயறும் வேணாங்குது, கீரையும் வேணாங்குது. துரை வர்றதுக்குள்ள இது போய்ட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

"அப்ப, அதுக்கு எது இயற்கையோ அதைக் குடுங்க. பச்சையா குடுங்க."

"எது அதுக்கு இயற்கை?"

நாயுடு கூரையைப் பார்த்தார். "அதை என் வாயால சொல்லக் கூடாது. நான் ஜீவகாருண்யக்காரன். உங்களுக்கே தெரியும், போய்ட்டு வாங்க."

முதலியாருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் வழியெல்லாம் வேர்த்தது. கறி என்றால் சர்தார் பாஷாவின் கடை. அது பஜாரின் நட்டநடுவில் இருக்கிறது. சைவ முதலியார் அந்த வாசலில் நின்றால், அவர் வீடு திரும்புவதற்குள் சேதி விரிஞ்சிபுரத்தில் மாமனார் காதுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அனுப்பவும் ஆள் இல்லை. ஆளை அனுப்புவது தாமே போவதைவிட மோசம். தாமே போனால் பார்த்தவன்தான் சொல்லுவான். ஆளை அனுப்பினால் பார்க்காதவனும் சொல்லுவான்.

இப்படி யோசித்துக்கொண்டே ஷாப்பின் பின்பக்கமாக வரும்போதுதான் அந்தக் குவியல் கண்ணில் பட்டது.

தோலின் உள்பக்கத்தை வளைந்த கத்தியால் சுரண்டி எடுக்கிற சவ்வு. மரவேலைக்கு வஜ்ரப் பசை காய்ச்சுகிறவர்கள் வந்து வண்டியில் அள்ளிப் போவார்கள். 'சவ்வு, இத்தனை மூட்டை' என்று தம் கையாலேயே பல வருஷம் எழுதியிருக்கிறார். தோலில் ஒட்டிக்கொண்டிருந்தது என்றால் அதுவும் இறைச்சிதானே? பச்சையாகத்தானே இருக்கிறது? பஜாருக்குப் போக வேண்டாம், யார் முகத்திலும் விழிக்க வேண்டாம். ஷாப்பைச் சுற்றித் திரிகிற தெருநாய்கள் அந்தக் குவியலை மோந்து பார்த்துவிட்டு விலகிப்போனதையும் அவர் கவனித்தார். வயிறு நிரம்பிய நாய்கள் என்று தீர்மானித்தார்.

கைக்குட்டையை மூக்கில் இறுக்கிக்கொண்டு, இரண்டு குச்சியால் கிள்ளி எடுத்து, இலையில் வைத்து மேஜருக்கு முன்னால் தள்ளினார். பட்டினி கிடந்த மேஜர் ஒரே வாயில் விழுங்கியது. முதலியாருக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. இத்தனை சுலபமாக முடிகிற காரியத்துக்கா இத்தனை பயம்!

முகம் கழுவிவிட்டு வருவதற்குள் மேஜர் தரையில் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தது. வாயிலிருந்து நுரை நூலாக ஒழுகியது. ஓங்கரித்தது. தண்ணீர்த் தொட்டியில் முகத்தைப் புதைத்து எடுத்தது. பிறகு ஒரு சத்தம் போட்டது. அந்த மாதிரிச் சத்தத்தை அது அதுவரை போட்டதில்லை.

"இன்னாங்க குடுத்தீங்க?" அமிர்தவள்ளி ஓடிவந்தாள். தயக்கமில்லாமல் நாயின் வாயைப் பிளந்து பார்த்தாள். நாக்கு வெந்து வெளுத்திருந்தது. "ஐயய்யோ, சுண்ணாம்பு! வெத்தலையில ஜாஸ்தி ஆயிட்டா நமக்கு இப்பிடித்தானே வெந்துபோவும்? இவருக்கு யாரு சுண்ணாம்பு குடுத்தது?"

ஷாப்புச் சுண்ணாம்பு என்று முதலியாருக்கு உறைத்தது. மாதம் எத்தனை வண்டி சுண்ணாம்பு வருகிறதென்று அவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். அது எங்கே போகிறது என்று மட்டும் இத்தனை வருஷத்தில் கேட்டுக்கொண்டதில்லை. மயிர் கழிவதற்காகத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, அதற்கப்புறம்தான் சவ்வைச் சுரண்டுகிறார்கள். எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே நடக்கிற சங்கதி இது.

அமிர்தவள்ளி குடம் குடமாகத் தண்ணீர் விட்டு வாயைக் கழுவினாள். புளித்த மோரை நீராக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நக்க வைத்தாள். தேங்காயெண்ணெயை விரலில் தொட்டு நாக்கிலும் உதட்டிலும் தடவினாள். முதலியார் செய்தது ஒன்றுதான்: நாயின் தலையைப் பிடித்துக்கொண்டார். அது நடுங்கியது. அவரும் நடுங்கினார். எது யாருடைய நடுக்கம் என்று பிரிக்க முடியவில்லை. துரையையோ சரக்கையோ அப்போது அவர் நினைக்கவில்லை. "செத்துப்போயிடாதே, செத்துப்போயிடாதே" என்று அவர் வாய் தானாக முனகிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயம் பார்த்து வாசலில் சாயபுவின் குரல். "முதலியாரே! மேஜர் எப்பிடி இருக்குது? பாக்கலாம்னு வந்தேன்."

"படுத்திருக்குதுங்க." முதலியார் வாசற்படியை அடைத்துக்கொண்டு நின்றார். "நாயுடு வைத்தியம். இன்னிக்கு அதுக்கு உபவாசம்."

"உபவாசமா? நாய்க்கா?" சாயபு தாடியைத் தடவினார். "நம்ம வூட்டுப் பசங்களை ரம்ஜான்ல நோன்பு புடிக்க வெக்கவே பேஜாரா இருக்குது. நாய் ஒத்துக்கிச்சா?"

"முழு சம்மதத்தோடங்க."

சாயபு அவரை ஏற இறங்கப் பார்த்தார். நம்பினாரா, நம்ப விரும்பினாரா தெரியாது. போய்விட்டார்.

மேஜர் சாகவில்லை. ஆனால் பிழைத்தது என்றும் சொல்ல முடியவில்லை. மோரை நக்கும், படுக்கும். சோற்றை வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். முதலியார் ஆபீஸில் உட்கார்ந்து கூட்டல் போடும்போது கை நடுவில் நின்றுவிடும். எழுந்துபோய்ப் பார்ப்பார். விலா ஏறி இறங்குகிறதா? இறங்குகிறது. திரும்பி வருவார். கூட்டலை முதலிலிருந்து போடுவார். அன்றைய கணக்கில் ஓர் ஆட்டுத்தோல் மாடாகிவிட்டது.

மறுநாள் காலை அவர் குளித்து, விபூதி பூசி, பாதக்குறட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு பஜாருக்குப் புறப்பட்டார்.

சர்தார் பாஷா கடைக்கு எதிரே பாத்திரக்கடை. முதலியார் அங்கே ஒரு குண்டானைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாத்திரக்கடைக்காரன் விலை சொன்னான். பிறகு குறைத்துச் சொன்னான். பிறகு பிடுங்கி வைத்தான். இனி நிற்க இடமில்லை. தெருவைக் கடந்தார்.

"வாங்க கணக்கரே!" பாஷா கத்தியை நிறுத்தாமலே வரவேற்றார். "தோல் விஷயமா?"

அந்தக் கேள்வி முதலியாருக்குச் சாமியே வந்து கொடுத்த மாதிரி இருந்தது. இந்தக் கடை ஆட்டுத்தோல்கள் எல்லாம் சாயபுவின் ஷாப்புக்குத்தானே வருகின்றன! தோல் ஷாப்புக் கணக்கர் கறிக்கடைக்கு வந்தால் யார் என்ன சொல்ல முடியும்?

"தோல் விஷயந்தான்," என்று உரக்கச் சொன்னார், பாத்திரக்கடைக்குக் கேட்கிற மாதிரி. பிறகு குனிந்து, "தோலுக்கு உள்ள இருக்கறது... கொஞ்சம் வேணும்."

கத்தி நின்றது. "வூட்டுக்கா?"

"சிவ சிவா! மேஜருக்கு."

"பட்டாளம் வந்திருக்குதா ஊருக்கு?"

"துரையோட நாய்யா! மெதுவா பேசு!"

"உள்ள வாங்க," என்றார் பாஷா. "வெளிய நின்னா ஊரு உங்களைப் பாக்கும். உள்ள வந்தா தோலைப் பாக்குறீங்கன்னு நெனைச்சுக்கும். எந்தப் பாகம் வேணும்?"

முதலியார் விழித்தார். அவரைப் பொறுத்தவரை ஆடு என்பது வெளிப்பக்கம் மட்டும்தான். உள்ளே பாகம் பிரித்திருப்பது அவருக்குப் புதுச் செய்தி. கடை வாசலில் படுத்திருந்த இரண்டு கறுப்பு நாய்களைப் பார்த்தார். எண்ணெய் தடவின மாதிரி மின்னின. ஒரு சொறி இல்லை, ஒரு சொட்டை இல்லை.

"அதுங்களுக்கு இன்னா போடுறியோ அது."

"அதுங்களுக்குக் கழிச்சதுதான். கொஞ்சம் ஈரல், நுரையீரல், கழுவாத குடல், கழுத்தெலும்பு. எல்லாம் பச்சைதான். ஒண்ணு சொல்றேன், வெந்த எலும்பு மட்டும் போட்டுடாதீங்க. சிம்பு சிம்பா ஒடைஞ்சி உள்ள குத்தும். கல்யாண வூட்டு எலும்பைத் தின்னுட்டு நம்ம நாய் ஒண்ணு ரத்தமா கக்கிப் போய்ட்டுது."

மந்தார இலையில் சுற்றிய பொட்டலத்தைப் பையின் அடியில் போட்டு, மேலே ஒரு கட்டு முளைக்கீரையைப் பரப்பிக்கொண்டு முதலியார் வெளியே வந்தார். நடக்க நடக்கப் பை கனத்தது. எதிரே வந்தவர்கள் எல்லோரும் பையையே பார்ப்பதாகத் தோன்றியது. ஒருவர் நிறுத்தி, "கீரை இன்னா வெல?" என்று கேட்டார். முதலியார் ஓடியே போனார்.

அமிர்தவள்ளி சட்டம் போட்டாள். வீட்டுக்குள் வரக் கூடாது. அரிவாள்மணையைத் தொடக் கூடாது. முடிந்ததும் கிணற்றடியில் தலை முழுகிவிட்டுத்தான் படியேற வேண்டும். ஆகவே ஷாப்பில் தோல் பதனிடுகிற பட்டையை அடுக்கிவைக்கும் கொட்டகைக்குப் பின்னால் இடம் பார்த்து, மேஜரைக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்தார். பொட்டலத்தைப் பிரித்துக் கண்ணை மூடிக்கொண்டு எட்ட வீசிவிட்டு, ஆவாரம்பட்டைக் கட்டுகளின் மேல் ஏறி உட்கார்ந்தார். ரத்த ருசி கண்டால் ஆளைக் கடிக்கும் என்றல்லவா துரை சொன்னது? ஏறுவதற்கு வசதியாகக் குறட்டை முன்பே கழற்றி வைத்திருந்தார்.

மேஜர் தள்ளாடி எழுந்து போய் முகர்ந்தது. ஈரலை மட்டும் மெல்ல நக்கியது. வெந்த நாக்கு. நிறுத்தியது. மறுபடி நக்கியது. பிறகு வாயில் எடுத்துக்கொண்டு, கண்ணை மூடி, தலையைச் சாய்த்து மென்றது. தின்று முடித்துவிட்டுக் கட்டுகளுக்குக் கீழே வந்து நின்று மேலே பார்த்தது. முதலியார் இன்னும் ஒரு கட்டு மேலே ஏறினார். மேஜர் கொட்டாவி விட்டுவிட்டு, அவருடைய குறட்டின் மேல் தலையை வைத்துப் படுத்துத் தூங்கிப்போயிற்று. அது எழுந்திருக்கும் வரை முதலியாரும் இறங்கவில்லை.

வாய் ஆறியபின் எலும்பையும் கடிக்க ஆரம்பித்தது. வேகாத எலும்பு மாவாக நொறுங்கியது. நாயுடுவின் வெயிலும் மணலும் மண்பற்றும் நிற்கவில்லை. வாரத்தில் ஒரு நாள் வயிற்றுக்கு ஓய்வு. நாயுடு தினமும் வந்து பார்த்து, "பாத்தீங்களா பச்சை ஆகாரத்தோட மகிமையை!" என்பார். என்ன பச்சை என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. சொறி அடங்கியது. முதுகில் பூனைமயிர் மாதிரி முளைத்து, பிறகு அடர்ந்து, செம்பு துலக்கின மாதிரிப் பளபளத்தது.

முதலியாருக்கு நிம்மதி வர வேண்டியதுதானே? வரவில்லை. ஒன்று போனால் ஒன்று வந்தது. இன்றைக்கு ஈரல் அதிகமோ? நேற்று குடல் குறைச்சலோ? பாஷா யாரிடமாவது சொல்லிவிடுவானோ? தினமும் கீரை வாங்கி, வேளை தவறாமல் தலைமுழுகி, ஈர வேட்டியோடு தனியாக நடந்துபோகிறவரை ஊர் கவனித்தது. முதலியார் ஏதோ கடும் விரதத்தில் இருக்கிறார் என்று முடிவு கட்டியது. எதிரே வந்தவர்கள் கும்பிட ஆரம்பித்தார்கள். கும்பிடுகிறவர்கள் கிட்டே வராதபடி அவர் பையைப் பின்னால் மறைத்துக்கொண்டு வேகமாகப் போவார். பற்றற்றவர் என்று அதற்கும் பெயர் வந்தது. கடைசியில் நாயுடு ஒரு சேதி கொண்டுவந்தார். காவேரிப்பாக்கத்து ஜீவகாருண்ய சங்கத்தார் ஆம்பூரில் கூட்டம் போடுகிறார்கள், புலாலைக் கண்டித்துப் பேச முதலியார்தான் தலைமை வகிக்க வேண்டும். முதலியார் மறுக்க மறுக்க அடக்கம் என்று பாராட்டிவிட்டுப் போனார்.

துரையும் கூட்டத்தன்றே வந்து தொலைத்தார்.

மேஜர் துரையைக் கண்டதும் குதித்தது, குரைத்தது, முகத்தை நக்கியது. துரை அதன் முதுகைத் தடவினார். பல்லைப் பார்த்தார். ஒரு எட்டு பின்னால் போய் நின்று பார்த்தார். "நான் விட்டுப்போன நாய் இவ்வளவு நன்றாக இருக்கவில்லையே! என்ன கொடுத்தீர்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

சாயபு முதலியாரைப் பார்த்தார். முதலியார் தரையைப் பார்த்தார். "தாங்கள் சொன்னபடியே, சார். பிஸ்கட். பால்."

"நான் சொல்லவில்லையா?" என்று துரை பூரித்துப்போனார். சரக்கைச் சுற்றிப் பார்த்தார். முழுவதையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மெட்ராஸ் போனதும் மறுநாள் கையெழுத்து. சாயபு முதலியாரின் தோளில் தட்டினார். வேலை பிழைத்தது, மானம் பிழைத்தது, ஷாப்பும் பிழைத்தது. கவலைப்பட ஒன்றுகூட மிச்சமில்லை என்று முதலியார் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு எல்லோரோடும் ஸ்டேஷனுக்கு நடந்தார்.

மெட்ராஸ் வண்டி நின்றுகொண்டிருந்தது. கார்டு பெட்டியின் நாய்க்கூண்டில் மேஜரை ஏற்றினார்கள். அது கம்பி இடுக்கில் மூக்கை நீட்டி முதலியாரின் விரலை நக்கியது. துரை முதல் வகுப்பு ஜன்னலிலிருந்து உற்சாகமாகப் பேசிக்கொண்டே இருந்தார். "ராத்திரி வீட்டில் இவனுக்கு விருந்து. சமையற்காரன் எலும்பெல்லாம் போட்டுப் பெரிய பானையில் ஸ்டூ கொதிக்க வைத்திருப்பான். இனி பிஸ்கட்டோடு தினமும் அதுதான்."

முதலியாருக்கு முதலில் அது காதில் விழுந்தது. பிறகுதான் வெந்த எலும்பைப் பற்றிப் பாஷா சொன்னது நினைவில் விழுந்தது.

வண்டி ஊதியது. எதிர் வண்டியில் வந்து இறங்கிய சங்கத்தார், தலைவர் கோதண்டராமன் கையில் ரோஜா மாலையோடு, நாயுடு வழிகாட்ட, பிளாட்பாரத்தில் சிரித்த முகமாக வந்துகொண்டிருந்தார்கள். வண்டி நகர்ந்தது.

"சார்!" என்றார் முதலியார். அதற்கு மேல் இங்கிலீஷ் வரவில்லை. கூடவே ஓடினார். குறடு ஒன்று கழன்று போயிற்று. "துரை! எலும்பை வேக வெக்காதீங்க! கறியைப் பச்சையா குடுங்க! பச்சைக் கறிதான் நான் குடுத்தேன்! ஈரலு கொஞ்சமா! குடலைக் கழுவாதீங்க! பச்சையா குடுங்க!"

துரை தொப்பியைக் கழற்றி அன்போடு ஆட்டினார். நாய்க்கூண்டிலிருந்து ஒரு குரைப்பு வந்தது. வண்டி வளைவில் மறைந்தது.

கோதண்டராமன் மாலையை நீட்டின கையோடு நின்றார். நாயுடு ஸ்டேஷன் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். முதலியார் யாரையும் பார்க்கவில்லை. ஒற்றைக் குறட்டோடு தந்தி ஜன்னலுக்குப் போனார். உள்ளே சம்பத் என்கிற தந்தி குமாஸ்தா.

"மெட்ராஸுக்கு ஒரு தந்தி. ஹட்டன் துரை வீட்டுக்கு. எழுதிக்குங்க. எலும்பை வேக வைக்காதே. பிஸ்கட் கூடாது. பச்சைக் கறி மட்டும்."

"முதலியாரே!" சாயபு மூச்சிரைக்க வந்து அவர் கையைப் பிடித்தார். "இன்னாய்யா பண்றீங்க? பிஸ்கட்டுன்னு சொல்லிட்டு இப்ப பச்சைக் கறின்னா, நம்மளைப் பொய்யன்னு நெனைச்சுக்குவாரே! நாளைக்குக் கையெழுத்து ஆவுற வரைக்கும் பொறுங்கய்யா. அல்லா மேல ஆணையா, நாளன்னிக்கி நானே தந்தி குடுக்கறேன்."

"இன்னிக்கு ராத்திரி எலும்பு ஸ்டூங்க, சாயபு."

சாயபு பிடியை விடவில்லை. முதலியாரும் ஜன்னலை விட்டு நகரவில்லை. சம்பத் இருவரையும் பார்த்தான். அவர்களுக்குப் பின்னால் மாலையோடு வந்து நின்றவர்களையும் பார்த்தான். அவனுக்கே பாவமாக இருந்தது.

"அனுப்புறவரு பேரு? வேணும்னா பேரில்லாம அனுப்பிடலாங்க."

"பேரில்லாத தந்தியை துரை மதிக்க மாட்டாரு. காசிநாத முதலியார், ஆம்பூர். முழுசா போடுங்க." அவர் கம்பிக்குள் முகத்தை நுழைத்தார். "அவசரத் தந்தியா அனுப்புங்க. அவங்க அடுப்பு மூட்டுறதுக்குள்ள போய்ச் சேந்துடுமா?"